தவறான அமைப்பால் கைநழுவிய ரவுட்டரை மீட்பது எப்படி

ரவுட்டரின் பக்கத்தில் எதையோ மாற்றிச் சேமித்தீர்கள். பக்கம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. மறுபடி முகவரியைத் தட்டினால் இணைக்க முடியவில்லை என்று வருகிறது. இணையமும் போய்விட்டது. இந்த இடத்தில் பெரும்பாலானோர் ஓர் ஊசியைத் தேடி எடுத்து ரீசெட் துளைக்குள் விட்டு அழுத்திவிடுகிறார்கள்.

அதைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். தவறான அமைப்பு கருவியைப் பழுதாக்கிவிடுவதில்லை. சொன்னதை அப்படியே செய்துகொண்டு அது ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. நாம் உள்ளே போகும் வழி மட்டும் அடைபட்டிருக்கிறது. அந்த வழியைத் திறக்கப் பல படிகள் உண்டு. முதல் சில படிகளில் எதையும் இழக்க வேண்டியதில்லை. கீழே இறங்க இறங்க இழப்பு கூடும்: முதலில் ஒரே ஒரு அமைப்பு, பிறகு எல்லா அமைப்புகளும், கடைசியில் ஃபர்ம்வேரையே (கருவியை இயக்கும் உள் மென்பொருள்) புதிதாக ஏற்ற வேண்டிய நிலை. இழப்பில்லாத படியில் தொடங்குங்கள். அது பலிக்காவிட்டால் மட்டும் அடுத்ததற்கு இறங்குங்கள். கீழே எல்லாம் அந்த வரிசையில்தான் இருக்கிறது.

கடைசியாக எதை மாற்றினீர்கள்?

ஒரு தாளை எடுத்து, கடைசியாகத் தொட்ட அமைப்பு எது, அதில் முன்பு என்ன இருந்தது, இப்போது என்ன கொடுத்தீர்கள் என்று எழுதுங்கள். பதற்றத்தில் இது வீண்வேலையாகத் தோன்றும். ஆனால் பாதிப் பிரச்சினைக்கு விடை இந்தத் தாளிலேயே கிடைத்துவிடும்.

ரவுட்டரின் லேன் (உள் நெட்வொர்க்) ஐபி முகவரியை மாற்றியிருந்தால், பெரும்பாலும் பிழையே இல்லை. ரவுட்டர் புதிய முகவரிக்குப் போய்விட்டது. உங்கள் கணினி பழைய முகவரி வரிசையிலேயே நிற்கிறது. கேபிளைக் கழற்றி மாட்டினால் கணினி புதிய முகவரி ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளும். பிறகு உலாவியில் புதிய முகவரியைத் தட்டினால் பக்கம் திறந்துவிடும்.

கருவிகளுக்குத் தானாக முகவரி கொடுக்கும் டிஎச்சிபியை நிறுத்தியிருந்தால் கணினிக்கு முகவரி கொடுக்க ஆள் இல்லை. கணினியின் நெட்வொர்க் விவரத்தைப் பாருங்கள். 169.254 என்று தொடங்கும் முகவரி இருந்தால், யாரிடமும் முகவரி கிடைக்காமல் கணினி தானே ஒன்றை வைத்துக்கொண்டது என்று பொருள்.

வைஃபையில் கைவைத்திருந்தால் கேபிள் வழியாக உள்ளே போகலாம். ஆனால் அதற்கு முன் கொஞ்சம் பொறுங்கள். 5 கிகாஹெர்ட்ஸில் 52 முதல் 144 வரையுள்ள சேனல்களில் ஒன்றைத் தேர்ந்திருந்தால், அங்கே ரேடார் இயங்குகிறதா என்று குறைந்தது 60 விநாடி கேட்டுப் பார்த்த பிறகுதான் ரவுட்டர் ஒலிபரப்பத் தொடங்கும். சில சேனல்களில், சில நாடுகளின் விதிப்படி, இந்தக் காத்திருப்பு 10 நிமிடம் வரை போகும். அந்த நேரத்தில் வைஃபை செத்துவிட்டது போலவே தெரியும். இதை அறியாமல் நன்றாக இருந்த ரவுட்டரை ரீசெட் செய்கிறவர்கள் நிறையப் பேர்.

எதை உள்ளே விடுவது, எதைத் தடுப்பது என்று தீர்மானிக்கும் ஃபயர்வாலில் விதி போட்டிருந்தால் உங்களை நீங்களே வெளியே தள்ளிப் பூட்டியிருக்கலாம். விலேன் (ஒரே நெட்வொர்க்கைத் தனித்தனிப் பகுதிகளாக்கும் அமைப்பு) பிரித்திருந்தால் சில போர்ட்டுகள் மட்டும் ஊமையாகியிருக்கும். சுவிட்சில் (பல நெட்வொர்க் கேபிள்களை இணைக்கும் பெட்டி) ஒரே கேபிளின் இரு முனையையும் மாட்டி வளையம் உண்டாகியிருந்தால் எல்லா விளக்குகளும் ஒன்றாக வெறிபிடித்தது போலச் சிமிட்டும். எதுவும் பதில் சொல்லாது. அப்போது எல்லாக் கேபிள்களையும் பிடுங்கிவிட்டு ஒன்றை மட்டும் மாட்டிப் பாருங்கள்.

கருவி பூட் ஆகிறதா?

அமைப்பில் பிழை என்பது வேறு, ஃபர்ம்வேரே கெட்டிருப்பது வேறு. இரண்டையும் பிரித்தறிய விளக்குகளே போதும். மின்சாரத்தை நிறுத்தி, பத்து விநாடி கழித்துப் போட்டு, கண் எடுக்காமல் பாருங்கள். பவர் விளக்கு எரிந்து, ஒன்றிரண்டு நிமிடத்தில் வழக்கமான நிலைக்கு வந்து நின்றால் கருவி பூட் ஆகிறது. உங்கள் பிரச்சினை அமைப்பில்தான். அதே விளக்குகள் அதே வரிசையில் சில விநாடிக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப எரிந்து அணைந்தால், பூட் ஆகும் வழியிலேயே விழுந்து மறுபடி எழுகிறது. அப்படியானால் நடுவில் உள்ள படிகளை விட்டுவிட்டுக் கீழே உள்ள கன்சோல், பூட்லோடர் (கருவியை எழுப்பும் சிறு நிரல்) பகுதிகளுக்குப் போய்விடுங்கள்.

மின்சாரத்தை நிறுத்திப் போடுவதாலேயே சரியாகிவிடும் கருவிகளும் உண்டு. சிஸ்கோ ரவுட்டர்களிலும் சுவிட்சுகளிலும் ஓடிக்கொண்டிருக்கும் அமைப்பு நினைவகத்தில் இருக்கும். தொடக்க அமைப்பு தனியாக அழியாத இடத்தில் இருக்கும். நீங்கள் மாற்றியதைச் சேமிக்காதவரை, நிறுத்திப் போட்டால் பழையதே வந்துவிடும். எனவே அத்தகைய கருவியில் கட்டளை கொடுத்ததும் இணைப்பு போய்விட்டது என்றால், சேமிக்காமல் விட்டதே நல்லதாகிவிட்டது. ஆனால் வீட்டு ரவுட்டர்களிலும் மைக்ரோடிக் கருவிகளிலும் இது நடக்காது. அவை மாற்றத்தை உடனுக்குடன் எழுதிவிடும். எத்தனை முறை நிறுத்திப் போட்டாலும் அதே பிழையோடுதான் எழும்.

கேபிள் மாட்டி, முகவரியைக் கையால் கொடுப்பது

இந்தப் படியில்தான் அதிகம் பேர் மீள்கிறார்கள். அவசரப்படாமல் செய்யுங்கள்.

முதலில் கணினியின் வைஃபையை அணைத்துவிடுங்கள். அது அக்கம்பக்கத்தில் வேறெதிலாவது ஒட்டிக்கொண்டு, நீங்கள் அனுப்புவதை அந்தப் பக்கம் திருப்பிவிடும். ரவுட்டரில் மாட்டியிருக்கும் மற்ற கேபிள்களைக் கழற்றிவிட்டு, ஒரே கேபிளால் கணினியையும் ரவுட்டரையும் இணையுங்கள். லேன் போர்ட்டில் மாட்டுங்கள். வேறு நிறத்தில் தனியாக இருக்கும் வான் (வெளி இணையத்துக்கான) போர்ட்டில் மாட்டினால் பெரும்பாலான ரவுட்டர்களின் ஃபயர்வால் உள்ளே விடாது.

அடுத்து, கணினியின் கேபிள் இணைப்புக்கு நிலையான முகவரி கொடுங்கள். ரவுட்டரின் முகவரி 192.168.1.1 என்றால் கணினிக்கு 192.168.1.2 கொடுக்கலாம். சப்நெட் மாஸ்க் 255.255.255.0. கேட்வே, டிஎன்எஸ் இரண்டும் காலியாக இருக்கட்டும். மைக்ரோடிக் கருவிகள் 192.168.88.1 என்ற முகவரியில் வரும். வேறு பல வீட்டு ரவுட்டர்கள் 192.168.0.1 என்பதில் வரும். கருவியின் அடியில் உள்ள ஸ்டிக்கரைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இப்போது கட்டளைச் சாளரத்தில் அந்த முகவரிக்கு பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை) கொடுங்கள். பதில் வந்தால் பாதி வேலை முடிந்தது. உலாவியில் மறைநிலைச் சாளரம் திறந்து முகவரியை முழுதாகத் தட்டுங்கள். சாதாரணச் சாளரம் பழைய பக்கத்தை நினைவில் வைத்துக்கொண்டு குழப்பும். பக்கம் வராவிட்டாலும் எஸ்எஸ்எச் (கட்டளைகளைத் தட்டி உள்ளே வேலை செய்யும் வழி) திறந்திருக்கலாம். அதையும் முயலுங்கள்.

பிங் பதில் வரவில்லையா? உடனே கைவிட வேண்டாம். பிங்கை மட்டும் ஃபயர்வால் தடுத்திருக்கலாம். பிங் கொடுத்த கையோடு, எந்த ஐபி எந்தக் கருவியுடையது என்று சொல்லும் ஏஆர்பி பட்டியலைக் கணினியில் பாருங்கள். விண்டோஸிலும் ஆப்பிள் மேக்கிலும் 'ஏஆர்பி' என்ற கட்டளையோடு 'மைனஸ் ஏ' சேர்த்தால் பட்டியல் வரும். அந்த ஐபிக்கு நேரே ஒரு மேக் முகவரி (கருவியின் நெட்வொர்க் இடைமுகத்துக்கான அடையாள எண்) இருந்து, அது ரவுட்டரின் ஸ்டிக்கரில் உள்ளதோடு கடைசி ஓரிரு எழுத்தைத் தவிர ஒத்துப்போனால், ரவுட்டர் அந்த முகவரியில்தான் இருக்கிறது. முகவரி சரி, கதவு மட்டும் மூடியிருக்கிறது என்று உறுதியாகிவிடும்.

ரவுட்டர் எந்த முகவரியில் இருக்கிறது என்பதே தெரியாவிட்டால், நெட்வொர்க்கில் போகும் செய்திகளைக் காட்டும் வயர்ஷார்க் போன்ற மென்பொருளைக் கணினியில் ஓடவிட்டு, ரவுட்டரை நிறுத்திப் போடுங்கள். எழும்போது பெரும்பாலான ரவுட்டர்கள் தம் முகவரியைச் சொல்லும் ஏஆர்பி செய்தி எதையாவது அனுப்பும். முகவரியைத் தட்டச்சு செய்யும்போது ஓர் எண் இடம் மாறிப்போயிருந்தால், அந்தப் பிழையான முகவரி அங்கே வெட்டவெளிச்சமாகத் தெரியும். கணினிக்கு அதே வரிசையில் ஒரு முகவரி கொடுத்தால் உள்ளே போய்விடலாம்.

ஐபி முகவரியின் புதிய தலைமுறையான ஐபிவி6 இதற்கு இன்னொரு வழி தருகிறது. ஐபிவி4 முகவரியை எப்படிக் குழப்பியிருந்தாலும், ஐபிவி6 இயங்கும் ஒவ்வொரு இடைமுகமும் தனக்கென ஓர் உள்ளிணைப்பு முகவரியை வைத்திருக்கும். அதை யாரும் கையால் கொடுப்பதில்லை; அதனால் கையால் கெடுவதும் அரிது. மைக்ரோடிக்கில் இதைவிட எளிது. வின்பாக்ஸ் மென்பொருளைத் திறந்தால் அண்டைக் கருவிகள் பட்டியலில் அது தெரியும். ஐபியைத் தொடாமல் அதன் மேக் முகவரியைச் சொடுக்கினால் போதும், ஐபியே இல்லாத கருவிக்குள்ளும் நுழையலாம். எல்லாத் தயாரிப்பாளர்களும் இப்படி ஒரு வழி வைத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று தோன்றும்.

விலேன் தவறியிருந்தால் ஒவ்வொரு போர்ட்டாக மாட்டி இதே சோதனையைச் செய்யுங்கள். நான்கில் மூன்று அடைபட்டு ஒன்று மட்டும் பழைய நிலையில் இருப்பது சாதாரணம்.

ஃபெயில்சேஃப்: அமைப்பை ஒதுக்கிவைத்துவிட்டு எழுவது

சில ரவுட்டர்களைச் சேமித்த அமைப்பைப் படிக்காமலே எழச் செய்யலாம். ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற ஃபர்ம்வேர் ஏற்றிய ரவுட்டர்களில் இது நன்றாகவே செய்யப்பட்டிருக்கிறது. அதில் மூல மென்பொருள் எழுத முடியாத பகுதியில் இருக்கும். நாம் செய்யும் மாற்றமெல்லாம் அதன்மேல் போர்த்திய இன்னொரு பகுதியில் பதியும். அச்சிட்ட பக்கத்தின்மேல் கண்ணாடித்தாளை வைத்து எழுதுவது போல. தாளை எடுத்துவிட்டால் அச்சு அப்படியே இருக்கும். ஃபெயில்சேஃப் என்பது அந்தத் தாளை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு எழுவது. தாள் கிழிவதில்லை.

செய்முறை இது. கணினிக்கு 192.168.1.2 என்று நிலையான முகவரி கொடுத்து, லேன் போர்ட்டில் கேபிள் மாட்டுங்கள். ரவுட்டரை நிறுத்திப் போடுங்கள். எழும்போது ஒரு கட்டத்தில் விளக்கு வேகமாகச் சிமிட்டத் தொடங்கும். அந்த ஓரிரு விநாடிக்குள் ரவுட்டரின் பொத்தான் ஒன்றை அழுத்த வேண்டும். கணத்தைப் பிடிப்பது கடினமாக இருந்தால், மின்சாரம் போட்ட சற்று நேரத்திலிருந்து பொத்தானை விநாடிக்கு ஒருமுறை விட்டுவிட்டு அழுத்திக்கொண்டே இருங்கள். அழுத்தியபடியே பிடித்திருந்தால் சில மாதிரிகளில் அது பூட்லோடரின் மீட்பு நிலைக்குக் கொண்டுபோய்விடும். சிமிட்டும் வேகம் மாறி அப்படியே தொடர்ந்தால் ஃபெயில்சேஃபுக்குள் வந்துவிட்டீர்கள்.

கணினிக்கும் ரவுட்டருக்கும் நடுவே சாதாரணச் சிறு சுவிட்ச் ஒன்று இருந்தால் இந்த வேலை எளிதாகும். ரவுட்டர் அணைந்து எழும்போது கணினியின் கேபிள் இணைப்பு அறுந்து ஒட்டும் நேரம் மிச்சமாகும். பின்னால் பூட்லோடர் பகுதியில் வரும் டிஎஃப்டிபிக்கும் இது உதவும்.

உள்ளே போக எஸ்எஸ்எச் வழியாக 192.168.1.1 முகவரிக்கு 'ரூட்' என்ற பெயரில் இணையுங்கள். பாஸ்வேர்ட் கேட்காது. முன்பு இதே முகவரியில் இணைந்திருந்தால், ரவுட்டரின் சாவி மாறிவிட்டது என்று கணினி மிரட்டி இணைய மறுக்கும். இங்கே அது எதிர்பார்த்ததுதான். கணினியில் சேமித்துள்ள பழைய சாவி வரியை நீக்கிவிட்டு மறுபடி இணையுங்கள். இணையப் பக்கம், டிஎச்சிபி, வைஃபை எதுவும் இந்த நிலையில் இருக்காது. அவை இல்லையே என்று மிரள வேண்டாம்.

உள்ளே போனதும் 'மவுண்ட்_ரூட்' கட்டளையைக் கொடுங்கள். அப்போதுதான் எடுத்துவைத்த அமைப்புகள் கண்ணில் படும். ஈடிசி என்ற அடைவுக்குள் கன்ஃபிக் என்ற அடைவு இருக்கும். அதில் நெட்வொர்க், வயர்லெஸ், ஃபயர்வால், டிஎச்சிபி என்று தனித்தனிக் கோப்புகள். எல்லாம் சாதாரண எழுத்துக் கோப்புகள்தான். உங்கள் தாளில் எழுதியதை இங்கே எடுத்துப் பார்த்து, மாற்றிய வரியை மட்டும் பழையபடி திருத்துங்கள்.

எந்த வரி தவறு என்று புரியாவிட்டால் அதற்கும் வழி உண்டு. நெட்வொர்க் கோப்பை அழிக்காமல் வேறு பெயருக்கு மாற்றிவையுங்கள். ரீபூட் ஆகும்போது அந்தக் கோப்பு இல்லாததைக் கண்டு, ரவுட்டரே தொடக்கநிலைக் கோப்பு ஒன்றை உருவாக்கிக்கொள்ளும். முகவரி 192.168.1.1 என்று திரும்பிவிடும். வைஃபை பெயர், ஃபயர்வால் விதி, நிறுவிய மென்பொருள்கள் அப்படியே இருக்கும். ஃபயர்வால்தான் சிக்கல் என்றால், 'ரோம்' என்ற அடைவுக்குள் அதே பாதையில் ஆலைநிலைக் கோப்பு இருக்கும். அதை எடுத்து இங்கே போடலாம். இதற்காகத்தான் ரீசெட்டைத் தள்ளிப் போடச் சொன்னேன். ஒரு கோப்பைத் திருத்தினால் தீர வேண்டியதற்கு மாதக்கணக்கில் செதுக்கிய அமைப்பை அழிப்பது பெரிய நட்டம்.

பாஸ்வேர்ட் மறந்திருந்தாலும் இங்கேயே புதிதாக வைத்துக்கொள்ளலாம். வேலை முடிந்ததும் ரீபூட் கொடுங்கள்.

ரீசெட் பொத்தான்

மேலே சொன்னது எதுவும் பலிக்கவில்லை, அல்லது உங்கள் ரவுட்டரில் ஃபெயில்சேஃப் இல்லை. சரி, இப்போது ரீசெட். அதற்கு முன் மூன்றை உறுதி செய்துகொள்ளுங்கள்.

இணையச் சேவை நிறுவனம் பிபிபிஓஇ (இணைய இணைப்பில் நுழையும் முறை) பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்திருந்தால் அவை கையில் இருக்கின்றனவா? சில நிறுவனங்கள் வான் பக்கத்தில் குறிப்பிட்ட விலேன் எண்ணைக் கேட்கும், அது தெரியுமா? ரவுட்டரும் ஃபைபர் முனைக் கருவியும் ஒன்றாக இருக்கும் பெட்டி என்றால், அதை நீங்களாக ரீசெட் செய்யாமல் நிறுவனத்தைக் கேளுங்கள். அதில் பதிவு விவரங்களும் நிறுவனத்தின் அமைப்புகளும் இருக்கும். அவை அழிந்தால் நிறுவனம் தொலைவிலிருந்து மறுபடி ஏற்றினால் ஒழிய இணையம் வராது.

இவை தயார் என்றால், கருவி முழுதாகப் பூட் ஆன பிறகு பொத்தானை அழுத்திப் பிடியுங்கள். பல ரவுட்டர்களில் 5 முதல் 10 விநாடி போதும். விளக்கு மாறியதும் விட்டுவிடலாம். ஓரிரு விநாடி மட்டும் அழுத்தினால் வெறும் ரீபூட்தான் ஆகும் மாதிரிகளும் உண்டு. பழைய குறிப்புகளில் 30 விநாடி மின்சாரத்தோடு, 30 விநாடி மின்சாரம் இல்லாமல், மறுபடி 30 விநாடி மின்சாரத்தோடு என்று ஒரு முறை சொல்லியிருப்பார்கள். அதைக் கண்மூடிப் பின்பற்றாதீர்கள். இன்றைய கருவிகள் பலவற்றில், மின்சாரம் போடும்போதே பொத்தான் அழுந்தியிருந்தால் அது ரீசெட்டாக இல்லாமல் வேறொரு மீட்பு நிலையாக மாறிவிடும்.

ரீசெட் ஆன ரவுட்டர் ஸ்டிக்கரில் உள்ள முகவரிக்கும் பாஸ்வேர்டுக்கும் திரும்பிவிடும். கணினியில் கொடுத்த நிலையான முகவரியை மறக்காமல் தானியங்கிக்கு மாற்றுங்கள். இல்லாவிட்டால் ரவுட்டர் சரியான பிறகும் கணினி மட்டும் தனியாக நின்றுகொண்டிருக்கும்.

கன்சோல்

அலுவலக வகைக் கருவிகளில் நெட்வொர்க்கே வேண்டாத ஒரு கதவு உண்டு. அதுதான் கன்சோல் போர்ட். அதற்கான தனிக் கேபிளை மாட்டி, கணினியில் டெர்மினல் மென்பொருளைத் திறந்தால், கருவி எழுவதை எழுத்தெழுத்தாகப் பார்க்கலாம். சிஸ்கோவில் வேகம் வழக்கமாக 9600. திரையில் குப்பை எழுத்துகள் கொட்டினால் வேகத்தைத் தவறாகக் கொடுத்திருக்கிறீர்கள், வேறெதுவும் கெட்டுப்போகவில்லை.

சிஸ்கோ ரவுட்டரில் பாஸ்வேர்ட் தெரியாமலோ, சேமித்த அமைப்பே உள்ளே விடாமலோ போனால் இப்படிச் செய்வார்கள். எழத் தொடங்கும் முதல் நிமிடத்திற்குள் பிரேக் விசையை அனுப்பினால் ரோம்மான் என்ற நிலை வரும். அங்கே கன்ஃபிக் ரெஜிஸ்டரை (எப்படி எழுவது என்று கருவிக்குச் சொல்லும் எண்) 0எக்ஸ்2142 என்று மாற்றி ரீசெட் கொடுத்தால், சேமித்த அமைப்பைப் படிக்காமல் வெறுமையாக எழும். அமைப்பு அழியவில்லை, படிக்கப்படவில்லை, அவ்வளவுதான். இப்போது சேமித்த அமைப்பை ஓடும் அமைப்பின்மேல் நகலெடுத்து, தவறைத் திருத்தி, பாஸ்வேர்ட் மாற்றிச் சேமிக்க வேண்டும்.

இங்கே இரண்டு இடங்களில் புதியவர்கள் தடுமாறுவார்கள். நகலெடுத்த பிறகு இடைமுகங்கள் அணைந்தே இருக்கும். ஒவ்வொன்றுக்கும் 'நோ ஷட்டவுன்' கொடுக்க வேண்டும். அப்புறம், ரெஜிஸ்டரை 0எக்ஸ்2102 என்ற பழைய எண்ணுக்குத் திருப்ப வேண்டும். திருப்பாவிட்டால் எல்லாம் சரியாக ஓடும். அடுத்த முறை மின்சாரம் போய் வரும்போது கருவி மறுபடி வெறுமையாக எழுந்து எல்லோரையும் திகைக்க வைக்கும்.

வீட்டு ரவுட்டர்களிலும் இதே கதவு பலகையின்மேல் சிறு முள்களாக இருக்கும். பெட்டியைத் திறந்து யூஎஸ்பி சீரியல் மாற்றியை மாட்ட வேண்டும். வேகம் பெரும்பாலும் 115200. மின்னழுத்தம் பெரும்பாலும் 3.3 வோல்ட், 5 வோல்ட் மாற்றியை மாட்டினால் சிப்பு போய்விடலாம். தரை, அனுப்புவது, பெறுவது என மூன்று கம்பி போதும். ஒரு பக்கத்தின் அனுப்பும் முள் மறுபக்கத்தின் பெறும் முள்ளுக்குப் போக வேண்டும். மின்சாரம் தரும் நான்காவது முள்ளைத் தொடவே தொடாதீர்கள். இதுவரை பெட்டி திறந்து பழக்கமில்லாதவர்கள் அடுத்த பகுதியை முயன்றுவிட்டுப் பிறகு இங்கே வருவது நல்லது.

பூட்லோடர் வழி

ஃபர்ம்வேரே கெட்டுவிட்ட கருவியிலும் பூட்லோடர் என்ற சிறு நிரல் பெரும்பாலும் நலமாக இருக்கும். மின்சாரம் வந்ததும் முதலில் ஓடுவது அதுதான். டிஎஃப்டிபி என்ற எளிய நெறிமுறை வழியாக ஒரு ஃபர்ம்வேர் கோப்பை வாங்கிக்கொள்ள அதனால் முடியும். டிபி-லிங்க் மாதிரிகள் பலவற்றில், ரீசெட் பொத்தானைப் பிடித்தபடி மின்சாரம் போட்டால், 192.168.0.66 என்ற முகவரியில் இருக்கும் கணினியிடம் குறிப்பிட்ட பெயருள்ள கோப்பை ரவுட்டரே கேட்கும். டி-லிங்க் மாதிரிகள் பல இதே நிலையில் ஒரு சிறு இணையப் பக்கத்தைத் திறந்து கோப்பை ஏற்றச் சொல்லும். மைக்ரோடிக்குக்கு நெட்இன்ஸ்டால் என்ற தனி மென்பொருள் உண்டு. முகவரியும் கோப்புப் பெயரும் மாதிரிக்கு மாதிரி வேறுபடும்; ஓர் எழுத்து பிசகினாலும் ரவுட்டர் மௌனமாக இருந்துவிடும். உங்கள் மாதிரி எண்ணையும் வன்பொருள் பதிப்பு எண்ணையும் ஸ்டிக்கரில் பார்த்து, அதற்கே உரிய கோப்பைத் தேடுங்கள்.

டிஎஃப்டிபி யூடிபி 69 என்ற போர்ட்டைப் பயன்படுத்துகிறது. கணினியின் ஃபயர்வால் அதை மறித்துவிடுவதுதான் தோல்விக்கு முதல் காரணம். வேலை முடியும்வரை அதைத் திறந்துவிடுங்கள். கோப்பு போய்ச் சேர்ந்த பிறகு, விளக்குகள் என்ன சொன்னாலும், பத்து நிமிடம் மின்சாரத்தைத் தொடாதீர்கள்.

பூட்லோடர் பகுதியையும், வைஃபை ரேடியோவின் அளவுத்திருத்தப் பகுதியையும் எழுதச் சொல்லும் குறிப்புகளைக் கண்டால் விலகிவிடுங்கள். இரண்டாவதில் அந்த ஒரே ஒரு கருவிக்காக ஆலையில் அளந்து பதித்த எண்கள் இருக்கும். போனால் அதே மாதிரி இன்னொரு ரவுட்டரிலிருந்தும் அவற்றை எடுக்க முடியாது.

மீண்ட பிறகு

பேக்கப் கோப்பு இருக்கிறது என்று உடனே முழுதாக ஏற்றிவிடாதீர்கள். அது பிழை நுழைவதற்கு முன்பு எடுத்ததா, பின்பு எடுத்ததா? தேதியைப் பாருங்கள். வேறு ஃபர்ம்வேர் பதிப்பில் எடுத்ததாக இருந்தால் புதியதில் பொருந்தாமல் போகலாம். ஓப்பன்டபிள்யூஆர்டியின் பேக்கப்பைக் கணினியில் பிரித்துப் படிக்கலாம். தேவையான கோப்பை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். மைக்ரோடிக்கில் பேக்கப் கோப்பு அதே கருவிக்கானது. எழுத்து வடிவில் எக்ஸ்போர்ட் செய்து வைத்தது இருந்தால் வரிவரியாகப் பார்த்து ஏற்றலாம்.

கையால் மறுபடி அமைப்பதானால், முதலில் நிர்வாகப் பாஸ்வேர்டை மாற்றுங்கள். பிறகு வான் இணைப்பு, லேன் முகவரியும் டிஎச்சிபியும், வைஃபை, கடைசியில் ஃபயர்வாலும் விலேனும். ஒவ்வொன்றையும் முடித்ததும் சோதித்து, வேலை செய்கிறது என்றால் அந்த நிலையை ஒரு பேக்கப் எடுங்கள். எந்த மாற்றத்தில் பிழை வந்தது என்ற சந்தேகமே பிறகு எழாது. பிழையான அமைப்பின் பிரதி கிடைத்திருந்தால் அதையும் தூக்கி எறியாமல் நல்லதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வேறுபடும் ஒன்றிரண்டு வரிகளில் காரணம் இருக்கும்.

அடுத்த மாற்றத்துக்கு முன்

பூட்டிக்கொண்டால் தானே திறந்துகொள்ளும் ஏற்பாடு பல கருவிகளில் ஏற்கெனவே இருக்கிறது. தெரியாததால் யாரும் பயன்படுத்துவதில்லை.

ஜூனிப்பர் கருவிகளில் 'கமிட் கன்ஃபர்ம்ட்' கொடுத்தால் மாற்றம் உடனே அமலாகும். 10 நிமிடத்துக்குள் நீங்கள் மறுபடி உறுதி செய்யாவிட்டால் தானே பழையதற்குத் திரும்பும். சிஸ்கோவில் மாற்றத்துக்கு முன் 'ரீலோடு இன் 10' கொடுத்துவிட்டு, சேமிக்காமல் வேலை செய்யுங்கள். வழி அடைபட்டால் பத்து நிமிடத்தில் கருவி தானாக ரீபூட் ஆகிப் பழைய அமைப்போடு எழும். எல்லாம் நன்றாக இருந்தால் 'ரீலோடு கேன்சல்' கொடுத்துவிட்டுச் சேமியுங்கள். மைக்ரோடிக்கில் கன்ட்ரோல் விசையோடு எக்ஸ் அழுத்தினால் சேஃப் மோடு தொடங்கும். இணைப்பு அறுந்தால் அதில் செய்த மாற்றங்களை அது திருப்பிவிடும். திருப்ப ஒன்பது நிமிடம் வரை ஆகலாம் என்பதால் பதறி மின்சாரத்தில் கைவைக்க வேண்டாம். ஓப்பன்டபிள்யூஆர்டியின் இணையப் பக்கமும் இதைச் செய்கிறது: மாற்றிய பிறகு குறிப்பிட்ட விநாடிகளுக்குள் உங்கள் உலாவியால் மறுபடி எட்ட முடியாவிட்டால் பழையதை மீட்டுவிடும். அப்போது தோன்றும் 'சரிபார்க்காமல் அமல்படுத்து' என்ற பொருளுள்ள பொத்தானை அழுத்தினால் அந்தப் பாதுகாப்பை நீங்களே அகற்றியதாகிவிடும். லேன் முகவரியை வேண்டுமென்றே மாற்றும்போது மட்டும் அதை அழுத்துங்கள்.

தொலைவிலுள்ள கருவி என்றால், நெட்வொர்க் விழுந்தாலும் விழாத இரண்டாவது வழி ஒன்று வேண்டும். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக் சுமார் ஆறு மணி நேரம் உலகம் முழுவதும் முடங்கியது. பராமரிப்பின்போது கொடுத்த ஒரு கட்டளை முதுகெலும்பு நெட்வொர்க்கின் இணைப்புகள் எல்லாவற்றையும் துண்டித்தது. அதைத் தடுத்திருக்க வேண்டிய சோதனைக் கருவியிலும் பிழை இருந்தது. பொறியாளர்களின் மாற்றுவழி நெட்வொர்க்கும் கைகொடுக்காததால் அவர்கள் தரவு மையங்களுக்கு நேரில் போக வேண்டியதாயிற்று. அவ்வளவு பெரிய இடத்திலேயே அப்படி என்றால், பூட்டிய அறையில் உள்ள ஒரு சுவிட்சை எங்கிருந்தோ மாற்றும் நாம் அந்த அறைச் சாவி யாரிடம் இருக்கிறது என்பதையாவது முதலில் கேட்டுவைக்க வேண்டும்.

இணையம் இருக்கும்போதே சிலவற்றைக் கணினியில் இறக்கி ஓர் அடைவில் வையுங்கள்: உங்கள் மாதிரிக்கான ஃபர்ம்வேர் கோப்பு, அதன் மீட்புக் குறிப்பு, டிஎஃப்டிபி மென்பொருள், கடைசி நல்ல பேக்கப். ஒரு ஈதர்நெட் கேபிளும், மடிக்கணினியில் அந்தப் போர்ட் இல்லை என்றால் யூஎஸ்பி மாற்றியும் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும்.